மனச்சோர்வு மாத்திரையும் மூட்டுவலி மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் வயிற்றில் அல்சர் வரும் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் ஒரு துணுக்கு வந்திருந்தது. நாலே வரிதான். ஆனால் 'நரம்பு மாத்திரை' என்று வீட்டாரிடம் கூடப் பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டு, எப்போது நிறுத்தலாம் என்று சாக்குத் தேடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அந்த நாலு வரி போதும். அதில் உள்ளது முழுப் பொய்யும் அல்ல. விட்டுப்போன விஷயத்தை மருந்துக் கடை மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில் எந்த மாத்திரை என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை எல்லாம் ஒரே ஜாதி அல்ல. இன்று அதிகம் எழுதப்படுபவை எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூஆக்சடின், பராக்சடின் ஆகியவை. வென்லாஃபாக்சின், டுலாக்சடின் இவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு. மூளை நரம்புகள் வெளியே விட்ட செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசலை இவை அடைக்கின்றன. சோர்வு குறைவதற்கு அதுதான் தொடக்கம். சங்கடம் என்னவென்றால், அதே வாசல் ரத்தத்தில் ஓடும் தட்டணுக்களிலும் இருக்கிறது. டெங்கு வந்தால் எல்லாரும் எண்ணிப் பார்க்கிறார்களே, அதே தட்டணுதான்.

உடம்பில் உள்ள செரட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குடலில்தான் உற்பத்தியாகிறது. தட்டணுவுக்குத் தானாக அதைச் செய்துகொள்ளத் தெரியாது. போகிற வழியில் ரத்தத்திலிருந்து உறிஞ்சித் தனக்குள் நிரப்பி வைத்துக்கொள்ளும். எங்காவது ரத்தக்குழாய் கிழிந்தால், கண்மாய்க் கரை உடைப்பில் மணல் மூட்டை அடுக்குவது போல முதலில் வந்த தட்டணுக்கள் போய் ஒட்டிக்கொள்ளும்; ஒட்டியதும் உள்ளே வைத்திருந்த செரட்டோனினைக் கொட்டும். அது பக்கத்தில் போகும் தட்டணுக்களைக் கூப்பிடும், குழாயையும் இறுக்கிப் பிடிக்கும். மேலே சொன்ன மாத்திரையை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து சாப்பிட்டவரின் தட்டணுவில் இந்தச் சரக்கு பெரும்பாலும் காலியாகிவிடுகிறது. மூட்டை வந்து சேர்கிறது, உள்ளே மணல் இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தட்டணு இரண்டரை லட்சம் என்று சுத்தமாகவே இருக்கும். குறைவது எண்ணிக்கை அல்ல, சரக்கு.

ஆக, இந்த மாத்திரை செய்யும் முதன்மையான கெடுதல் புண்ணைத் தோண்டுவது அல்ல, ஏற்கெனவே இருக்கும் புண்ணிலிருந்து கசியும் ரத்தம் சட்டென்று அடைபடாமல் செய்வது. 1999ல் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிடுவோருக்கு இரைப்பை, முன்சிறுகுடல் ரத்தக்கசிவு ஏறக்குறைய 3 மடங்கு என்றது அது. ஆனால் புண் ஓட்டையாகிக் கிழிவதற்கும் எந்த மனச்சோர்வு மாத்திரைக்கும் தொடர்பு காணவில்லை. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த 3 மடங்கு, ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில் வந்து நின்றது. மடங்குக் கணக்கு எப்போதும் மிரட்டும். அந்த 1999 ஆய்வின் இன்னொரு கணக்கு: ஏறத்தாழ 8000 சீட்டுக்கு ஒரு ரத்தக்கசிவு. குறைந்த அளவு இபுபுரூஃபன் செய்யும் கெடுதலுக்குச் சமம் என்று அவர்களே எழுதினார்கள். இபுபுரூஃபனைக் காய்ச்சலுக்குக் கேள்வி கேட்காமல் விழுங்குகிற ஊர் நம்முடையது.

கதை மாறுவது வலி மாத்திரை கூடச் சேரும்போது. அந்த 1999 ஆய்வில் இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து 15 மடங்கு. பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 4 முதல் 6 மடங்கு என்று குறைத்துச் சொன்னார்கள். குறைத்த கணக்கே போதும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நாப்ராக்சன், நிமசுலைடு, மெஃபெனமிக் அமிலம் எல்லாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வழுவழுப்புப் படலத்தை மெலிய வைக்கின்றன, சுவருக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. புண் அங்கே தொடங்குகிறது. தட்டணு ஒட்டுவதையும் இவை தம் பங்குக்குக் கெடுக்கின்றன. ஒன்று கரையை அறுக்கிறது, மற்றது அடைக்க வரும் மூட்டையைக் காலி செய்கிறது.

இந்த இரண்டு மாத்திரையும் ஒரே கடையில் வாங்கப்படுவது அரிது. இதுதான் எங்கள் கவலை. 68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் எழுதிய எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் ஒரு கடையில் வாங்குகிறார், அதுவும் தெரிந்தவர் பார்க்காத கடையில். இருதய மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரின் 75 வேறு சீட்டு. மூட்டுவலிக்குச் சீட்டே கிடையாது. "வலிக்கு நாலு மாத்திரை" என்று தெருமுனைக் கடையில் கேட்டால் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை வருகிறது. டைக்ளோஃபெனாக்கும் அசிக்ளோஃபெனாக்கும் சட்டப்படி மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய பட்டியலில் உள்ளவை. அது நடப்பதில்லை என்று எழுதுவதில் எங்கள் தொழிலுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுக்கும்போது மருந்தின் பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் மருத்துவர் "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "பாராசிட்டமால்தான் சார்" என்று அந்த அம்மா மனசறிந்து உண்மையே சொல்கிறார். கடையில் அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மட்டுமல்ல, நகரத்துக்குள்ளும் உண்டு. தவறு. டைக்ளோஃபெனாக் இரைப்பையைக் கெடுப்பது மாத்திரை அங்கே உட்கார்ந்து அரிப்பதால் மட்டும் அல்ல. ரத்தத்தில் கலந்து போய்த்தான் பெரும் கெடுதல் செய்கிறது. இடுப்பில் போட்டாலும் ரத்தம் ஒன்றுதான். பொட்டலம் கட்டித் தரும் பெயரில்லாத மாத்திரைகளில் டெக்சாமெத்தசோனோ பிரட்னிசலோனோ கலந்திருந்தால் இன்னும் மோசம்: வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் புண்ணும் கூடும், வயிற்று வலி என்ற எச்சரிக்கையும் அமுங்கிப்போகும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் முழங்கால் வீங்கி, வழியில் கிடைத்ததை வாங்கி, விரதத்தோடு வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். அவர்களில் யாராவது மனச்சோர்வு மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த நாலைந்து நாள்தான் ஆபத்தான நாள். மாலையில் மது சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் தனியாக, 500 அல்லது 650 மில்லிகிராம், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலு முறைக்கு மேல் போகாமல். ஈரல் நோய் இருப்பவர்களும் தினமும் குடிப்பவர்களும் அதையும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். மூட்டுக்கு மேல் தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு இன்னொரு வழி. அதிலிருந்து ரத்தத்தில் சேர்வது விழுங்கும் மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகச் சிறு பங்கு. இங்கே ஒரு குழி இருக்கிறது. 'வயிற்றுக்குப் பாதுகாப்பானது' என்று டிராமடால் கலந்த மாத்திரையை எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. வயிற்றைப் பொறுத்தவரை சரி. ஆனால் டிராமடாலும் செரட்டோனினை ஏற்றிவிடும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகையறாவோடு சேரும்போது கை நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம், தசைத் துடிப்பு என்று ஒரு நிலை உண்டாகலாம். வலிப்பும் வரலாம். வயிற்றைக் காப்பாற்றப் போய் தலையில் கை வைத்த கதை அது.

அடுத்தது நம் ஊர் 'கேஸ் மாத்திரை'. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரேபிபிரசோல் எல்லாம் அமிலச் சுரப்பை அடக்குபவை. இரண்டு ஆபத்து மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்டே ஆக வேண்டியவர்களுக்கு இவை உண்மையான பாதுகாப்பு. சாப்பிடும் முறையில்தான் பாதிப் பலன் போய்விடுகிறது. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். சாப்பாடு உள்ளே வரும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் விழித்து வேலை செய்யும், மருந்து வேலை செய்யும் பம்பை மட்டுமே பிடித்து அடைக்கும். இட்லி சாப்பிட்டு முடித்துப் போட்டால் தாமதம். நெஞ்செரிச்சல் வந்த அன்று மட்டும் போட்டுக்கொண்டால் புண்ணுக்குப் பாதுகாப்பு ஆகாது.

எந்த கேஸ் மாத்திரை என்பதும் முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. எஸ்சிட்டலோபிராமையும் சிட்டலோபிராமையும் ஈரலில் உடைக்கும் நொதியை ஒமிபிரசோலும் எசோமிபிரசோலும் மந்தமாக்குகின்றன. மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். ஏறினால் இருதயத் துடிப்பின் மின் இடைவெளி நீண்டு, துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. அதனால்தான் சிட்டலோபிராமோடு ஒமிபிரசோல் சாப்பிடுபவர்களுக்குச் சிட்டலோபிராம் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பான்டோபிரசோல் இந்த விஷயத்தில் சாது. அதோடு டோம்பெரிடோன் சேர்ந்த காப்ஸ்யூல்தான் நம் கடைகளில் தண்ணீராக ஓடுகிறது. டோம்பெரிடோனும் அதே மின் இடைவெளியை நீட்டும் மருந்து. வயதானவர், எஸ்சிட்டலோபிராம், பேதியில் பொட்டாசியம் குறைந்த உடம்பு, அதன் மேல் இந்தக் காப்ஸ்யூல் என்றால் வயிற்றைப் பார்க்கப் போய் இருதயத்தில் வம்பு. லெவோசல்பிரைடு சேர்ந்த காப்ஸ்யூலும் உண்டு. மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கம், நடை தளர்ச்சி, பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறு, மார்பில் பால் கசிவு வரக்கூடும். அல்சருக்கு வெறும் பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் போதும் என்கிற இடத்தில் 'டி' (டோம்பெரிடோன்) சேர்த்தது எதற்கு என்று கேட்கலாம், தப்பில்லை.

துணுக்கில் இல்லாத இன்னொரு பக்கம் சுவையானது. மனச்சோர்வு மாத்திரைகளில் பழைய தலைமுறை, அமிட்ரிப்டிலின், டாக்செபின், டிரைமிபிரமின், அல்சருக்கே மருந்தாகச் சோதிக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் டிரைமிபிரமினும் டாக்செபினும் முன்சிறுகுடல் புண்ணுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. இவை அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் ஹிஸ்டமினின் பிடியைத் தளர்த்தி, நரம்பு வழியாக வரும் தூண்டலையும் குறைத்து அமிலத்தைக் கட்டுப்படுத்துகின்றன. சிமெட்டிடின், பின்னர் ஒமிபிரசோல் வந்த பிறகு இந்த வழி தேவைப்படவில்லை. 1982ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும் அல்சருக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியைப் பிடித்துக் காட்டிய பின், அல்சர் என்றாலே மனக்கவலையின் விளைவு என்ற பழைய நினைப்பும் ஆட்டம் கண்டது. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு. நம் ஊரில் இன்னும் மிளகாயையும் கவலையையும்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். கிருமி அதற்குப் போகாது. மூச்சு, மலம் அல்லது எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கில் பரிசோதித்து, கிருமி இருந்தால் இரண்டு வாரம் முழுதாக மருந்து சாப்பிட வேண்டும். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். பழைய தலைமுறை மாத்திரை வயிற்றுக்கு மெதுவானது என்பதற்காக எல்லாரும் அதற்கு மாறிவிடவும் முடியாது. வாய் உலரும், மலம் இறுகும்; புரோஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும்; சிலவகைக் கண் அழுத்த நோய்க்கு ஆகாது.

வயிற்று வலி எல்லாமே புண்ணும் அல்ல. எண்டோஸ்கோப்பியில் சுத்தமாக இருந்தும் மேல்வயிறு எரிகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் பலன் தருகிறது என்றும், எஸ்சிட்டலோபிராமால் பலன் இல்லை என்றும் வட அமெரிக்காவில் நடந்து 2015ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே வயிற்று மருத்துவர் 'மனநோய் மாத்திரை' எழுதிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதேபோல, செர்ட்ராலினோ எஸ்சிட்டலோபிராமோ தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப் பிரட்டல், இளக்கம் இருக்கும். குடலில் செரட்டோனின் கூடுவதால் வருவது அது, புண் அல்ல. குறைந்த அளவில் (எஸ்சிட்டலோபிராம் என்றால் 5 மில்லிகிராம்) தொடங்கிச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். இந்த இரண்டு வாரத்தில்தான் பலர் "எனக்கு அல்சர் வந்துவிட்டது" என்று மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள்.

திடீரென்று நிறுத்துவதால் ரத்தக்கசிவு ஆபத்து மறுநாளே போய்விடுவதும் இல்லை. தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். காலியான பழையவை போய்ச் சரக்கு நிறைந்த புதியவை வர அவ்வளவு நாள் ஆகும். ஃபுளூஆக்சடின் உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கில் பிடிக்கும். இடைப்பட்ட நாளில் நோயாளிக்குக் கிடைப்பது தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போன்ற உணர்வு. பராக்சடினும் வென்லாஃபாக்சினும் இதில் மோசம். அதற்குப் பின்னால் பழைய சோர்வு திரும்பி வந்தால் அதன் விலை அல்சரைவிடப் பெரிது. முன்பே ஒருமுறை வயிற்றில் ரத்தம் கசிந்தவர், 65 வயதைக் கடந்தவர், வார்ஃபரின், அசினோகூமரால், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் இவர்களுக்கு மாத்திரையை மாற்றலாமா என்று மனநல மருத்துவர் பார்ப்பார். மிர்ட்டசபின், புப்ரோபியான் போன்றவை தட்டணுவின் அந்த வாசலை அதிகம் தொடுவதில்லை. மிர்ட்டசபினில் பசியும் எடையும் கூடும். புப்ரோபியான் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மாற்றமும் படிப்படியாகத்தான். இருதயத்துக்கான ஆஸ்பிரினையும் தானாக நிறுத்தக் கூடாது.

பார்க்க வேண்டியது மலத்தின் நிறம். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கமில்லாத நாற்றத்தோடு போனால் மேல்குடலில் ரத்தம் போகிறது என்று பொருள். ஐம்பது நூறு மில்லி ரத்தமே மலத்தை அப்படி மாற்றப் போதும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், ஆனால் அது பசுமை கலந்த கறுப்பு, தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. வாந்தி காபித்தூள் கலந்தது போல வந்தாலும் அதே கதைதான். வலி இருந்தே ஆக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வலி மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு வலியே இல்லாமல் ரத்தம் போகும். எழுந்து நின்றால் கண் இருட்டுவதும், படி ஏறினால் மூச்சு வாங்குவதுமே முதல் அடையாளமாக இருக்கும். அதற்கும் முன்னால் பல் ஈறில் ரத்தம், இடித்துக்கொண்ட நினைவே இல்லாமல் தோலில் நீலம் பாரிப்பது தென்படலாம். கறுத்த மலமோ ரத்த வாந்தியோ என்றால் ஜெலுசில் வகைத் திரவத்தைக் குடித்துவிட்டுப் படுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வாய் வழியே எதுவும் கொடுக்காதீர்கள், எண்டோஸ்கோப்பி செய்ய வயிறு காலியாக இருக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், மறைத்து வைத்திருப்பதையும் சேர்த்து, ஒரு பையில் அள்ளிக்கொண்டு அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போங்கள்.

எங்கள் சக தொழிலாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். எஸ்சிட்டலோபிராம் அட்டையை எடுத்துக் கொடுக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத குரலில், "வலிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அட்டையைக் கத்தரித்தால் பெயர் உள்ள துண்டை வாங்குபவரிடம் கொடுங்கள், அல்லது காகித உறையில் பெயரை எழுதுங்கள். மனநல மருத்துவர்கள் சீட்டின் அடியில் 'வலி மாத்திரை தவிர்க்கவும்' என்று தமிழில் ஒரு வரி எழுதினால் கிராமத்திலிருந்து வருபவருக்கும் அது போய்ச் சேரும். மாத்திரை பற்றி யாரிடமும் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அந்தத் துணுக்கு வந்த அதே மருத்துவப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கூடச் சாப்பிடும் வலி மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் இருவர்,
கோரிப்பாளையம், மதுரை.